சூடு எங்கே போனது?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். புத்திமதி எழுத எனக்கு வராது. எழுதினாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. உங்கள் வயதில் நானும் கேட்டதில்லை. அதனால் நான் செய்த தப்பு ஒன்றை எழுதுகிறேன். அடுத்தவர் சறுக்கி விழுந்த கதை என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஓய்வுபெற்றபின் சொந்த ஊரான கச்சிராயபாளையத்துக்கே வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்த புதிதில் கேட்டார், "மெட்ராஸ்ல இன்னா வேலைங்க பாத்துக்கினு இருந்தீங்க?" கணக்குப் போடுகிற வேலை என்றேன். "பேங்க்கா?" என்றார். கிட்டத்தட்ட அதுதான் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கரும்புக்கடன் விண்ணப்பமெல்லாம் என்னிடம்தான் வருகிறது. தெரிந்தவரை நிரப்பிக் கொடுக்கிறேன். நன்றாகத்தான் பொழுது போகிறது.

நம் வேலை என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை உங்கள் அப்பா அம்மா எடுத்துப் பார்க்கக்கூடும், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு படிகத்தை அதன் போக்கில் விட்டால் அதற்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒருவிதமாக அமைந்து ஓய்ந்துவிடும். அதற்குச் சமநிலை என்று பெயர். நாம் அதை ஓயவிடுவதில்லை. லேசர் ஒளியை ஒரே தாளத்தில் துடிப்பு துடிப்பாக அடித்துக்கொண்டே இருப்போம். ஓய்ந்திருக்கும்போது காட்டாத குணங்களைச் சில பொருள்கள் அப்படி அடிபடும்போது காட்டும். எந்தப் பொருள், எந்தத் தாளம், என்ன குணம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது கோட்பாட்டுக்காரர்களின் வேலை. அதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். கணக்குத் தப்பினால் நாம் காகிதத்தைக் கிழித்துப் போடுவோம். அவர்கள் வருஷக்கணக்கான உழைப்பைக் கிழித்துப் போட வேண்டும்.

இந்த வேலையில் பெரிய தொல்லை சூடு. எதை அடித்துக்கொண்டே இருந்தாலும் அது சூடாகும். சூடானால் எலக்ட்ரான்கள் தாறுமாறாக ஓடும், நாம் தேடிய குணம் காணாமல் போகும். சூடாகாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதில்தான் நம் துறையின் பாதிச் சண்டையும் நடக்கிறது.

எனக்கு ஐம்பது வயது நெருங்கிய சமயத்தில் ஒரு நல்ல விடை கிடைத்தது. ஒரு குறிப்பிட்ட படிகத்தை ஒரு குறிப்பிட்ட தாளத்தில் அடித்தால் எலக்ட்ரான்கள் சூடாகாமல் வரிசை கட்டி நிற்கும் என்று கணக்கு சொன்னது. கொஞ்ச நேரம் இல்லை, ஆயிரக்கணக்கான துடிப்புகளுக்கு நிற்கும். வரிசை எவ்வளவு என்று காட்டும் கோடு படத்தில் ஏறி, சமமாகி, அப்படியே நேராகப் போயிற்று. அந்தப் படத்தை அச்செடுத்து மேஜைக்கு மேலே ஒட்டி வைத்தேன். பெருமை பிடிபடவில்லை என்பார்களே, அந்த நிலை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. என் வழிகாட்டி ஏற்படுத்தியது. யார் எந்த விடையைக் கொண்டுபோனாலும் அவர் "கெடுத்துப் பார்த்தாயா?" என்றுதான் கேட்பார். எதையெல்லாம் மாற்றினால் இந்த விடை கெடும் என்று தேடி, கெடாமல் நின்றால் மட்டும்தான் அவர் முன்னால் உட்காரலாம். நானும் கெடுத்துப் பார்த்தேன். காலத்தைப் பொடிப்பொடியாக நறுக்கினேன், படிகத்தைப் பெரிதாக்கினேன், தாளத்தைக் கொஞ்சம் பிசகவிட்டேன். கோடு அசையவில்லை.

நான் கை வைக்காத இடம் ஒன்றுதான். கணக்குப் போட நாங்கள் ஓட்டும் கணினி நிரலின் அடிப்பகுதி வழிகாட்டியே எழுதியது. எலக்ட்ரான்களின் நிலையை முழுதாக எழுத எந்தக் கணினிக்கும் இடம் போதாது. அதனால் ஒவ்வொரு படியிலும் மிகச் சிறிய எண்களைத் தள்ளிவிடுவோம். தள்ளியபின் மொத்த நிகழ்தகவு ஒன்றுக்குக் கொஞ்சம் குறையும். குறைந்ததை ஈடுகட்ட மிச்சத்தைச் சற்றுப் பெருக்கி மறுபடி ஒன்றாக்கிவிடுவோம். மூன்றே வரி. எங்களுக்கு அது குலதெய்வத்துக்குக் கற்பூரம் காட்டுவது போல; ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் கெடுத்துப் பார்க்கச் சொன்னவர் எழுதிய வரியை மட்டும் யாரும் கெடுத்துப் பார்க்கவில்லை.

இனி ரேவதி. அவள் சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் சோதனைக்காரி. அவள் அப்பா உளுந்தூர்பேட்டை ரோட்டில் லாரிக்காரர்களுக்கு ஓட்டல் நடத்தியவர். ஒரு கருத்தரங்கில் காபிக்கு வரிசையில் நின்றபோது, எனக்குப் பின்னால் யாரோ போனில் "வூட்டுக்கு வந்துக்கினு இருக்கேன்" என்று சொல்வது காதில் விழுந்து திரும்பிப் பார்த்தேன். நம்ம ஊர்ப் பெண். அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். கெட்டிக்காரி, அதிகம் பேசமாட்டாள்.

அவள் வேலை அப்போது நிரந்தரம் ஆகவில்லை. அந்த வருஷக் கடைசியில் தேர்வுக் குழு கூடி, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்யும். வெளிநாட்டு லேசர் கூடம் ஒன்றில் ஐந்து நாள் கேட்டு இரண்டு வருஷம் காத்திருந்து அப்போதுதான் வாங்கியிருந்தாள். அந்த ஐந்து நாளில் ஏதாவது கிடைத்தால்தான் குழுவின் முன்னால் வைக்க அவளிடம் ஒன்று இருக்கும்.

அவளிடம் இரண்டு படிகங்கள் இருந்தன. ஒன்று அவளே பல வருஷமாகச் செய்துவந்தது. பெரிய அதிசயம் எதுவும் வராது, ஆனால் ஏதாவது உறுதியாக வரும். இன்னொன்று என் கணக்கு சொன்னது. எடுத்துப் போக முடிந்தது ஒன்றைத்தான். காற்று பட்டால் கெட்டுப்போகிற பொருள். ஒரு பெட்டியில் ஒன்றைப் பொருத்தி, காற்றை உறிஞ்சி எடுத்து, சீல் வைக்கவே மூன்று மணி நேரம் பிடிக்கும். நான்தான் என் படிகத்தை எடுத்துப் போகச் சொன்னேன். கேட்டுக்கொண்டேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். இல்லை, சொன்னேன்.

என் கணக்கைக் கட்டுரையாக எழுதி, எங்கள் இருவர் பெயரிலும் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனேன். என் தங்கை வளர்மதி வெள்ளிமலைப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தாள். நான் போன அன்றே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. மரம் விழுந்து கரண்ட் போயிற்று, கரண்ட் போனதும் செல்போன் டவரும் படுத்துவிட்டது. எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது. நன்றாகத் தூங்கினேன், வளர்மதி வடித்த சாமைச் சோற்றைக் கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டேன், மறுபடி தூங்கினேன்.

மூன்றாம் நாள் புதன்கிழமை, தடுப்பூசி நாள். மழை விட்டிருந்தது. அன்று மாலைதான் ரேவதி விமானம் ஏறுகிறாள். நாலு மணிக்கு அவளை ஏற்றிப் போகக் கார் வரும் என்று எனக்குத் தெரியும். நான் அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல், காலையில் வளர்மதியோடு சுகாதார நிலையத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டுத் தாய்மார்கள் குழந்தைகளோடு முன்பே வந்து காத்திருந்தார்கள்.

வளர்மதி தடுப்பு மருந்து வைக்கும் குளிர்பெட்டியைத் திறக்காமல் அதன்மேல் இருந்த வெப்பமானியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பதிவேட்டைப் பார்த்தாள். மறுபடி வெப்பமானியைப் பார்த்தாள்.

"இன்னா வளரு, கம்மியா ஜாஸ்தியா?" என்றேன்.

"நாலு டிகிரி."

"நாலுதானே வேணும்?"

"ரெண்டு நாளா கரண்ட் இல்லக்கா. முந்தாநாள் காலையில நாலு, சாயங்காலம் நாலு, நேத்தும் நாலு, இன்னைக்கும் நாலு. கொஞ்சமாவது ஏறியிருக்கணும் இல்ல?"

பெட்டி நல்ல பெட்டி போல, நீ ஏன் குறை சொல்கிறாய் என்று கிண்டல் செய்தேன். நேராகப் போகிற கோட்டைக் கண்டால் எனக்குப் பிடிக்கும், அவளுக்குப் பிடிக்கவில்லை. வெப்பமானியையே இன்னொரு முறை சரிபார்த்துக்கொள் என்றும் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மீட்டர் சரியா இருக்குதான்னு மீட்டர்கிட்டயே கேட்டா அது இன்னாக்கா சொல்லும்?"

சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து குப்பிகளை வெளியே எடுத்தாள். ஒவ்வொரு குப்பியின் லேபிளிலும் ஒரு வட்டத்துக்குள் சின்னச் சதுரம் அச்சடித்திருக்கும். சூடு பட்டால் அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்து கெட்டது என்று அர்த்தம். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். மூன்று கருத்திருந்தன. மற்றவை அப்படியும் இல்லை இப்படியும் இல்லை.

"மூணுதானே பூடுச்சி, மிச்சத்தப் போடலாமே" என்றேன்.

"கெட்டுச்சா கெடலியான்னு எனக்குத் தெரியல. தெரியாதத எப்பிடிப் போடறது?"

வெளியே போய்த் தாய்மார்களிடம் சொன்னாள். மருந்து சூடாகியிருக்கும் என்று சந்தேகமாக இருக்கிறது, இன்றைக்குப் போட முடியாது, கீழே போய்ப் புது மருந்து எடுத்து வருகிறேன், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றாள். ஒரு பெண் இரண்டு மலை தாண்டி நடந்து வந்தவள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சந்தேகந்தானேம்மா? கெட்டுப்போச்சின்னு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாதும்மா. சந்தேகந்தான். உன் புள்ளைக்கு என் சந்தேகத்த ஊசில ஏத்த முடியாது. திட்டறதுன்னா திட்டிட்டுப் போ."

அவள் திட்டிவிட்டுத்தான் போனாள். வளர்மதி அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். மருத்துவ அலுவலரிடம் அடுத்த திட்டு காத்திருந்தது, அதுவும் அவளுக்குத் தெரியும்.

என் காப்பி ஆறிப்போயிருந்தது. மீட்டர்கிட்டயே கேட்டா என்று அவள் சொன்னது என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. என் கணக்கு சரியா என்று நான் எதனிடம் கேட்டேன்? மொத்தம் ஒன்று வருகிறதா என்று பார்த்தேன். வராமல் எங்கே போகும், ஒவ்வொரு படியிலும் அதை ஒன்றாக்கி வைப்பதே நாங்கள்தான். சூடு ஏறுகிறதா என்று பார்த்தேன். எந்த நிலையிலிருந்து? சின்ன எண்களைத் தள்ளிவிட்டு மீந்த நிலையிலிருந்து. ஒரு பொருள் சூடாகும்போது அந்தச் சூடெல்லாம் கணக்கில்லாத சின்னச் சின்ன எண்களாகத்தான் சிதறும். அவற்றைத்தான் படிக்குப் படி குப்பையாகப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தோம். வீடு ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே வியந்திருக்கிறேன்.

உடனே மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்க எழுந்தேன்.

கணினி சென்னையில். கட்டுரையின் அச்சுப்பிரதி பையில் இருந்தது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்துச் சீட்டுகளில் நாலைந்தைக் கிழித்து, பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு துடிப்பு எவ்வளவு ஆற்றலை உள்ளே தள்ளும் என்பதைத் தோராயமாகக் கையால் போட முடியும். அதைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், படிகத்துக்குள் இருப்பதாக நாங்கள் எழுதியதைப் போல இருபது மடங்கு வந்தது. ஆனால் இதை வைத்து மட்டும் தப்பு என்று சொல்ல முடியாது. வரிசை கட்டி நின்றபின் படிகம் ஆற்றலை வாங்க மறுக்கிறது என்பதுதானே எங்கள் கட்டுரையே. அதனால் வரிசை அமைவதற்கு முன்னால் நடந்த முதல் பத்துத் துடிப்பை மட்டும் எடுத்தேன். அப்போது மறுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. அந்தப் பத்திலேயே உள்ளே போனது, கடைசியில் இருப்பதாக நாங்கள் எழுதியதைவிட அதிகம். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அப்படியே வந்தது.

இருந்தாலும் இது கைக்கணக்கு. எங்கேயாவது ஒரு இரண்டாலோ மூன்றாலோ பெருக்க விட்டுப்போயிருக்கலாம். திங்கட்கிழமை சென்னைக்குப் போய், அந்த மூன்று வரியை மாற்றி ஓட்டிப் பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். உறுதியாகத் தெரிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் தொழிலில் இதைவிடக் கண்ணியமாகத் தெரிகிற சாக்கு கிடையாது. உறுதியில்லாததைச் சொல்லக்கூடாது என்று நமக்குப் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் பயந்தேன், அவ்வளவுதான். இதழுக்குக் கட்டுரை போய்விட்டது. பத்துப் பேரிடம் பீற்றிக்கொண்டாகிவிட்டது. பயத்துக்கு அந்தக் கண்ணியமான சட்டையைப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமைக்குள் ரேவதியின் ஐந்து நாளில் மூன்று போய்விடும், பெட்டிக்குள் என் படிகம்தான் இருக்கும்.

வளர்மதி குப்பிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நானும் கிளம்பினேன். நீ ஏன் என்று கேட்டாள். பஸ்ஸில் சொன்னேன். அவள் இயற்பியல் படித்தவள் இல்லை, ஆனால் சூடு எங்கேயோ போகிறது என்றதும் புரிந்துகொண்டாள்.

மலைப்பாதையில் ஒரு வளைவு உண்டு. அங்கே திரும்பினால் கீழே கோமுகி அணைத் தண்ணீர் தெரியும், அங்கேதான் டவரும் கிடைக்கும். இரண்டு நாளாகப் பேச்சில்லாமல் கிடந்த பஸ் முழுக்க ஒரே நேரத்தில் அலோ அலோ என்றது. என் போனும் நாலைந்து முறை அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை.

"ஃபோன் பண்ணலியாக்கா?"

"ஒரே சத்தமா இருக்குது. கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டுல எறங்கிப் பேசிக்கறேன்."

"ஆமா, பஸ் ஸ்டாண்டுல ரொம்ப அமைதியாத்தான் இருக்கும்."

பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அவளுக்குக் கள்ளக்குறிச்சி வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. டீ குடிக்கலாம் என்றேன். குடித்தோம். இன்னொரு டீ சொல்லப் போனேன். வளர்மதி கடைக்காரரிடம் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு என்னிடம் சொன்னாள், "காலையில எனக்கு மட்டும் ஆசையாவா இருந்துச்சி, அந்தப் பொம்பளகிட்டப் போய்ச் சொல்றதுக்கு? சொல்லிட்டுத்தானே வந்தேன்." எனக்குச் சுருக்கென்றது. மணி பன்னிரண்டே கால். படிகத்தை மாற்ற மூன்று மணி நேரம் போனால் மூன்றே கால், நாலுக்குக் கார் வந்துவிடும். டவுன் பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டி ஒரு கரும்பு டிராக்டர் மறைவில் போய் நின்று கூப்பிட்டேன்.

"சொல்லுங்கக்கா. ரெண்டு நாளா லைன் கெடைக்கலியே. இப்பதான் பெட்டிக்கு சீல் வெச்சி முடிச்சேன்."

"ரேவதி, நம்ம கணக்குல தப்பு இருக்குதுன்னு நெனைக்கிறேன்."

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எவ்ளோ தப்புங்க்கா?"

"சூடு ஒழுகுது. கணக்கே அதை வெளிய தள்ளிக்கினு இருந்திருக்குது. கையாலதான் போட்டுப் பாத்தேன். நிச்சயமாத் தெரியாது. திங்கக்கிழமைதான் தெரியும்."

"நிச்சயம் வேணாங்க்கா. உங்களுக்கு எவ்ளோ தோணுது, அத சொல்லுங்க."

"முக்கால்வாசி தப்புன்னு தோணுது. உன் எடத்துல நான் இருந்தா என் படிகத்த எடுத்துக்கினு போகமாட்டேன்."

பிறகு டர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. என்ன அது என்று கேட்டேன்.

"பெட்டி டேப்பைக் கிழிச்சிக்கினு இருக்கேங்க்கா. என்னோடத வெக்கணும்னா இப்பவே ஆரம்பிச்சாதான் ஆவும்."

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைத் திட்டு ரேவதி என்றேன். திட்ட நேரமில்லை என்றாள். பேசிக்கொண்டே திருகாணி கழற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சாதாரணமாக, சாப்பிட்டீங்களா என்று கேட்கிற குரலில் சொன்னாள்:

"அது சூடாவுதுன்னு எனக்கு ஒரு எண்ணம் இருந்துச்சிங்க்கா. இங்கே சின்ன லேசர்ல அடிச்சிப் பாத்தப்பவே."

"எப்ப?"

"மூணு வாரம் இருக்கும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாருங்கள், தப்பு என்னுடையது, கோபமும் எனக்கே வருகிறது. "மூணு வாரமாத் தெரிஞ்சி வெச்சிக்கினு இன்னாத்துக்கு சொல்லாம இருந்த?" என்றேன்.

"சொன்னேனேக்கா" என்றாள். பிறகு, "கையில வேலை இருக்குது, வெக்கட்டுமா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

நான் டிராக்டருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எப்போது சொன்னாள்? போனிலா, நேரிலா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவள்தான் குழப்பிக்கொள்கிறாள் என்றுகூட நினைத்தேன். வளர்மதி வந்து இன்னா சொன்னாங்க என்று கேட்டாள். மாற்றுகிறாளாம் என்றேன். அவள் வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டாள். அவள் வெள்ளிக்கிழமைக்குப் புது மருந்து வாங்கிவிட்டாள் என்றும், இரண்டு மலை தாண்டி வந்த அந்தப் பெண்ணே முதல் ஆளாக வந்து நின்றாள் என்றும் பிறகு சொன்னாள்.

திங்கட்கிழமை அலுவலகம் போய், அந்த மூன்று வரியை மாற்றினேன். தள்ளுவது எவ்வளவு என்று எழுதிக்காட்டச் சொன்னேன். ஒன்றாக்குவதை நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் விடை வந்துவிட்டது. கோடு ஏறியது, கொஞ்ச தூரம் சமமாகப் போனது, பிறகு படுத்துவிட்டது. இதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். மேஜைக்கு மேலே ஒட்டியிருந்த படத்தைக் கழற்றினேன். நினைத்த அளவு வலிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. வழிகாட்டிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் அப்போதே ஓய்வுபெற்றுவிட்டார். என் வரியையா கெடுத்துப் பார்த்தாய் என்று கேட்டு வெகுநேரம் சிரித்தார். இருபது வருஷம் முன்பே யாராவது கெடுத்திருக்கலாமே என்றும் சொன்னார்.

ரேவதியின் சொந்தப் படிகம் அவளைக் கைவிடவில்லை. அதிசயம் எதுவும் வரவில்லை, ஆனால் வரவேண்டியது வந்தது. வருஷக் கடைசியில் குழு அவளை வைத்துக்கொண்டது. இப்போது உங்களில் பாதிப் பேருக்கு அவள்தான் தலைவி. கூப்பிட்டுக் கேளுங்கள், நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

இதோடு நிறுத்தினால், தப்பைச் சொல்லத் தைரியம் வேண்டும் என்ற நல்ல பாடமாக முடிந்துவிடும். நானும் பல வருஷம் இதை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பவர்களுக்கு என்மேல் மரியாதை கூடியது. அதனால்தான் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை, இதழுக்கு எழுதி முடித்தபின், ரேவதியின் பழைய மின்னஞ்சல்களைத் தேடினேன். மூன்று வாரத்துக்கு முந்தையது இருந்தது. இரண்டே வரி எழுதியிருந்தாள்: "அக்கா, சிறிய லேசரில் அடித்தபோது படிகம் சூடாவது போலத் தெரிகிறது. இது பரவாயில்லையா?" அதற்குக் கீழே என் பதில். நான்தான் எழுதியிருக்கிறேன், அனுப்பியிருக்கிறேன், அடியோடு மறந்தும் இருக்கிறேன். "அது உன் அளவீட்டுக் கோளாறாக இருக்கும். நம் கணக்கில் சூடு இல்லை."

வெட்கமாக இருந்தது. மலையிலிருந்து இறங்கிய அந்த இரண்டு மணி நேரமும், அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் பட்ட பாடு இருக்கிறதே. அவள் அதே பாட்டை மூன்று வாரம் முன்பே பட்டு, சொல்லியும் இருக்கிறாள். வேலை போய்விடும் என்ற நிலையிலும் என் ஒரு வரியை நம்பி, தன் கண்ணால் பார்த்ததை ஓரமாக வைத்துவிட்டு, என் படிகத்துக்குச் சீல் வைத்திருக்கிறாள்.

புது மடல் எழுதக் கை வரவில்லை. அந்தப் பழைய மடலுக்கே மறுபடி பதில் எழுதினேன். "நீ சொன்னதுதான் சரி. மன்னித்துக்கொள். எவ்வளவு சூடானது, சொல்."

அவள் அப்போது வெளிநாட்டில், தன் ஐந்து நாளில் நாலாவது நாளில் இருந்தாள். பதில் வர நாளாகும் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் வந்தது. ஒரு வரிகூட எழுதவில்லை, வெறும் கோப்பு. திறந்து பார்த்தேன். எத்தனையாவது துடிப்பில் எவ்வளவு சூடு என்று எனக்கு மடல் எழுதிய நாளிலிருந்து இருபத்தோரு நாளுக்கும் தேதி போட்டு, ஒரு நாள் விடாமல் அளந்து வைத்திருந்தாள்.